சாக்கெட்டுக்குப் பின்னால் என்ன கம்பி?

என் மனைவியின் அண்ணனுக்கு 'அடப்பாவி' என்று பெயர். யாரும் திட்டுவதற்காக வைத்த பெயர் இல்லை. அவரே சம்பாதித்துக்கொண்டது. எலக்ட்ரீஷியன் வேலையில் முப்பது வருஷம். எந்த வீட்டு ஸ்விட்ச் போர்டைத் திறந்தாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். நாலு ஸ்க்ரூவைக் கழற்றுவார், மூடியை இழுப்பார், உள்ளே எட்டிப் பார்ப்பார், "அடப்பாவி!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொள்வார். முப்பது வருஷமாக அதே கண்ராவியைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதருக்கு ஒவ்வொரு தடவையும் எப்படித்தான் புதிதாகத் தூக்கிவாரிப் போடுமோ, எனக்கு விளங்கியதே இல்லை. கடைக்காரர்கள்கூட, "அந்த அடப்பாவி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, வேலை சுத்தமா இருக்கும், ஆனா காதுல பஞ்சு வெச்சுக்குங்க" என்றுதான் ஆள் சொல்லி அனுப்புவார்கள்.

அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு கேள்விதான். "பின்னாடி என்ன கம்பி?" குளியலறையில் இரண்டு வகை சாக்கெட் உண்டு. சன்னமான ஓட்டை போட்டது ஆறு ஆம்பியர். சவரம் செய்யும் மிஷின், தலை காயவைக்கும் மிஷின் மாதிரிச் சின்னச் சாமான்களுக்கு. தடித்த ஓட்டை போட்டது பதினாறு ஆம்பியர், வெந்நீர் ஹீட்டருக்கு. முன்பக்கம் பெரிய சாக்கெட்டை மாட்டிவிட்டால் ஆயிற்று என்று நம்மைப் போன்றவர்கள் நினைத்துக்கொள்கிறோம். அவரோ சுவருக்குப் பின்னால் ஓடும் கம்பி தடிமனா, அது புறப்படும் இடத்தில், கரண்டு அளவு மீறினால் தானாக விழும் பிரேக்கர் அந்தக் கம்பிக்குத் தகுந்ததா என்று பார்க்காமல் நகர மாட்டார். "மூணும் ஒரே பேச்சு பேசணும் மாப்ள. சாக்கெட் ஒண்ணு சொல்லி, கம்பி ஒண்ணு சொல்லி, பிரேக்கர் ஒண்ணு சொன்னா, அந்த வீட்டுல மனுஷன் குளிக்க முடியாது" என்பார்.

அவர் பார்த்த கூத்துகளைச் சொல்லி மாளாது. ஹீட்டர் பிளக்கின் தடித்த கால்களை அரம் வைத்து ராவி, சன்ன ஓட்டைக்குள் சொருகியிருந்த ஒரு கணக்கு வாத்தியார். பிளக்கே இல்லாமல் வெறும் கம்பியை ஓட்டைக்குள் விட்டு, தீக்குச்சியால் இறுக்கியிருந்த ஒரு பல் மருத்துவர். "படிச்சவங்க மாப்ள! பல்லு சொத்தைன்னா எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கறாரு. இதுக்குத் தீக்குச்சி!" என்று எங்கள் வீட்டில் சாப்பிடும்போதே கையை உதறிக்கொண்டு கத்துவார். ஒரு வங்கி மேனேஜர், கண்ணாடிக்கு மேலிருக்கும் விளக்குக்குப் போகும் கம்பியிலேயே ஹீட்டரையும் கொடுத்துவிடச் சொன்னார். மச்சான் அந்த நிமிஷமே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். போகிற போக்கில் அந்த வீட்டு அம்மாவிடம், "அம்மா, உங்க வீட்டுக்காரர் சொல்றத கேக்காதீங்க, பச்சத் தண்ணியிலேயே குளிங்க" என்று வேறு சொல்லிவிட்டு வந்தார். முன்பின் தெரியாதவர் வீட்டில்கூட அவரால் வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது.

என்னிடமும் அப்படித்தான் ஆரம்பித்தார். எங்கள் கல்யாணப் பேச்சு நடந்த அன்று கை கழுவப் போனவர் அரை மணி நேரமாகத் திரும்பவில்லை. என் அப்பா பதறிப்போய்க் கதவைத் தட்டினார். மச்சான் முக்காலி மேல் ஏறி நின்று எங்கள் வாடகை வீட்டு ஹீட்டர் பிளக்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். வெளியே வந்து, "மாப்பிள்ளைய எனக்குப் பிடிச்சிருக்கு. பிளக்கத்தான் பிடிக்கல" என்றார். அவருக்குத் தங்கை என்றால் உயிர். தாய் தகப்பன் இல்லாமல் அவர் வளர்த்த பெண். இன்றைக்கு அவளுக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, அவருக்கு இன்னும் பாப்பாதான்.

இப்போது என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. நான் டைல்ஸ் போடுபவன். பெருமைக்குச் சொல்லவில்லை, என் கைவேலையைத் தடவிப் பார்த்தால் எங்கே ஒரு டைல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியாது. ஊரார் வீட்டுக்கெல்லாம் போட்டுவிட்டு, நாங்கள் வாங்கிய பழைய வீட்டுக் குளியலறையைக் கடைசியாக எடுத்துக்கொண்டேன். வேலை முடிந்து வந்து தினமும் இரண்டு மணி நேரம், நாற்பது நாள். தரையில் ஓடும் கோடு சுவரில் ஏறும்போது ஒரு மயிரிழை விலகாது. இடுப்பு உயரத்தில் நீல இலைப் பட்டை. மூலையில் ஒரு துண்டுகூட ஒட்டுப்போடவில்லை. பக்கத்து வீட்டு அம்மா தன் விருந்தாளிகளையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் குளியலறையைக் காட்டுவார். நான் வாசலில் நின்று, ஒன்றும் தெரியாதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொள்வேன்.

அதன் பிறகுதான் ஹீட்டர் வந்தது. என் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறாள். நாள் முழுக்க மிஷினில் குனிந்து தோள்பட்டை பிடித்துக்கொண்டது. வெந்நீரில் குளிக்கச் சொல்லி டாக்டர் சொன்னார். மூவாயிரம் வாட் ஹீட்டரை வாங்கிவந்து மச்சானைக் கூப்பிட்டேன். அவர் கண்ணாடிப் பக்கத்திலிருந்த சின்ன சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்து, வழக்கம்போல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

"மாப்ள, இது லைட்டு கம்பி. நூல் மாதிரி இருக்கு. பக்கத்து ரூம்ல பாப்பாவோட இஸ்திரிப்பெட்டியும் இதுலதான் ஓடுது. எர்த் கம்பியே கிடையாது. மெயின் போர்டுலேர்ந்து தனியா ஒண்ணு இழுக்கணும்."

"இழுங்க மச்சான்."

"பதினோரு டைல்ஸ் போகும்."

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பதினொன்றும் நீல இலைப் பட்டையின் நடுவில் இருந்தவை. அந்த வகை டைல்ஸ் இப்போது கம்பெனியில் வருவதில்லை. சுவருக்கு மேலேயே பிளாஸ்டிக் குழாயில் கம்பியை ஓட்டலாமே என்று அவர் வேறு வழியும் சொன்னார். என் சுவர் மேல் பிளாஸ்டிக் குழாயா! முடியவே முடியாது என்று ஒற்றைக் காலில் நின்றேன். பேச்சு தடித்தது. "டைல்ஸ் மேல இருக்கற பாசம் என் தங்கச்சி மேல இல்லையா?" என்று கேட்டுவிட்டார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "இல்லாத வேலைய இருக்கறதா காட்டறது உங்க தொழில் புத்தி. வேற வீட்டுல போய்க் காட்டுங்க" என்றேன்.

சொல்லி முடித்த உடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் ஸ்க்ரூக்களைத் திரும்ப மாட்டி, கீழே விழுந்த சுண்ணாம்புத் தூளைக்கூடக் கையால் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

மறுநாள் நானே ஒரு பதினாறு ஆம்பியர் சாக்கெட் வாங்கிவந்தேன். அதே பெட்டிக்குள் அச்சாகப் பொருந்தியது. பத்து நிமிஷ வேலை. எர்த்துக்கான மூன்றாவது ஸ்க்ரூவில் மாட்டக் கம்பி இல்லை, அதனால் அதைச் சும்மா இறுக்கி விட்டுவிட்டேன். ஹீட்டர் எரிந்தது. கால் மணி நேரத்தில் பிரேக்கர் விழுந்தது. ஏற்றினேன், மறுபடியும் விழுந்தது. கடையில் போய்ப் பெரிய பிரேக்கர் கேட்டேன். "கம்பி தடிமனா இருக்கா அண்ணே?" என்று கடைக்காரர் கேட்டார். "எல்லாம் தடிமன்தான்" என்று கூசாமல் சொன்னேன். முப்பத்திரண்டு ஆம்பியர் பிரேக்கர் கொடுத்தார். அது ஒரு நாளும் விழவில்லை. "பார்த்தியா, உங்க அண்ணன் சும்மா பூச்சாண்டி காட்டினாரு" என்று, கடைக்காரரிடம் அடித்துவிட்ட பொய்யையும் சேர்த்து என் மனைவியிடம் பீற்றிக்கொண்டேன். டைல்ஸ் ஒன்றுகூட உடையவில்லை.

எட்டு மாதம் கழித்து அவளுக்குக் கடுமையான காய்ச்சல் வந்தபோது மச்சான் பார்க்க வந்தார். என்னைப் பார்க்காமல் அவளிடம் மட்டும் பேசினார். கை கழுவக் குளியலறைக்குப் போய் வந்தார். டீ போட்டு வைத்திருந்தேன், குடிக்காமலே கிளம்பிவிட்டார். இன்னும் வீறாப்பு போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நானும் தடுக்கவில்லை.

இன்னும் ஆறு மாதம் ஓடியது. ஒரு நாள் அவள் ஈரக் கையை உதறிக்கொண்டே வந்தாள். "ஏங்க, பைப்பத் தொட்டா விரல் சுர்ருங்குது."

"நாள் பூரா மிஷின்ல உக்காந்தா நரம்பு இழுக்கத்தான் செய்யும்" என்றேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடியும் சொன்னாள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போய் நானே குழாயைத் தொட்டுப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "எல்லாம் பிரமை" என்றேன். மூன்றாவது தடவை என்னிடம் சொல்லவில்லை. போனில் அவள் அண்ணியிடம் வேறு ஏதோ பேசும்போது பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருக்கிறாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். நான் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் கீழே விழும் சத்தம் கேட்டது. நிறுத்தக்கூடப் பொறுமையில்லாமல் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார் மச்சான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"பாப்பா எங்க?"

பதினாலு மாதத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"குளிக்கப் போயிருக்கா" என்றேன்.

அவர் குளியலறைக் கதவில் இரண்டு கையாலும் அடித்தார். "பாப்பா! தண்ணியத் தொடாத! பைப்பத் தொடாத! அப்படியே நில்லு!" பிறகு என் பக்கம் திரும்பி, "மெயின ஆஃப் பண்ணுய்யா!" என்று அலறினார். மெயின் எங்கே இருக்கிறது என்பதே மறந்துவிட்டது, சத்தியமாகச் சொல்கிறேன். அவர் என்னை ஒரு தள்ளு தள்ளிவிட்டு ஓடிப்போய் அதை இழுத்து இறக்கினார். ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. ஃபேன் மெல்லச் சுற்றி ஓய்ந்தது.

உள்ளேயிருந்து அவள் குரல். "அண்ணாவா? என்ன ஆச்சு? சோப்பு போட்டிருக்கேன், இப்பத்தான் பைப்பத் திறக்கப் போனேன்."

மச்சான் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

அவள் நைட்டியை மாட்டிக்கொண்டு, தலையெல்லாம் நுரையோடு வெளியே வந்தாள். மச்சான் உள்ளே போய் சாக்கெட்டைக் கழற்றப் பார்த்தார். கழற்ற வரவில்லை. உருகிப்போய்ப் பெட்டியோடு ஒட்டியிருந்தது. நெம்பி எடுத்தபோது கருகிய நாற்றம் குப்பென்று அடித்தது. பின்னால் இருந்த கம்பியின் மேல்தோல் கறுத்துப்போய், அவர் விரல் பட்டதும் உதிர்ந்து தரையில் விழுந்தது. உள்ளே செம்பு அம்மணமாக நின்றது. மூன்றாவது ஸ்க்ரூவைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை. எழுந்து போய் பிரேக்கரில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்.

'அடப்பாவி' என்று கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "முப்பத்தி ரெண்டு" என்று மட்டும் முணுமுணுத்தார்.

"இங்க கைய வைங்க" என்று என் கையைப் பிடித்து நீல இலைப் பட்டை மேல் வைத்தார். சுவர் காய்ச்சல்காரன் உடம்பு மாதிரிச் சுட்டது. அன்று காலையில் அவள் ஆறேழு ரவிக்கைகளை இஸ்திரி போட்டிருந்தாள், ஹீட்டரும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கண்ணும் கருத்துமாக ஒட்டிய ஒவ்வொரு டைலுக்குப் பின்னாலும் அந்தக் கம்பி எரிந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்கு மேல் ஹீட்டருக்குள்ளேயும் கசிவு. எர்த் இல்லாததால் கரண்டுக்குப் போக வேறு வழியில்லை, தண்ணீருக்குள் இறங்கியிருக்கிறது. அவள் விரலில் சுர்ரென்றது அதுதான். இந்த வாரம் விரலோடு நின்றது. ஈர உடம்போடு அவள் குழாயைப் பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மச்சான் சொல்லவில்லை. எனக்கே புரிந்தது. அங்கேயே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மச்சான், நான்தான்..."

"நீங்க பேசாதீங்க மாப்ள" என்றார். "நான் பேசணும்."

தங்கையைப் பார்க்காமல், கையிலிருந்த உருகிய சாக்கெட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உனக்குக் காய்ச்சல்னு வந்தேன்ல பாப்பா, அன்னிக்கே இதப் பார்த்துட்டேன். பெரிய சாக்கெட் மாட்டியிருக்கு. ஆனா ஒரு டைல்ஸ்கூட உடையல. சுவத்து மேல குழாயும் ஓடல. அப்புறம் புதுக் கம்பி எங்கேந்து வரும்? பார்த்த அந்த நிமிஷமே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுதா?" என்றாள் அவள்.

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"இவரா வந்து கேக்கட்டும்னு இருந்துட்டேன். என் தொழில அவ்வளவு கேவலமா பேசினவரு, ஒரு தடவை வந்து 'மச்சான், இது சரியா இருக்கா'ன்னு கேட்டா என்னன்னு... நாளைக்குக் கேப்பாரு, அடுத்த வாரம் கேப்பாருன்னு..." வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

எனக்கு இடி விழுந்த மாதிரி ஆகிவிட்டது. கணக்கு வாத்தியாரையும் பல் மருத்துவரையும் விடாத வாய். முன்பின் தெரியாத மேனேஜர் மனைவிக்காகச் சண்டை போட்ட வாய். உயிரையே வைத்திருக்கும் தங்கை வீட்டில் ஆறு மாதம் மூடிக் கிடந்திருக்கிறது! ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த அதிர்ச்சிக்கு நடுவிலேயே எனக்குள் ஒரு ஓரத்தில் நிம்மதி எட்டிப் பார்த்தது. அப்பாடா, தப்பு என்னுடையது மட்டும் இல்லை என்று. சீ, நானெல்லாம் ஒரு மனிதனா என்று அடுத்த நொடியே கூசிப்போனேன்.

என் மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். நுரை அவள் நெற்றியில் காய்ந்துகொண்டிருந்தது.

"அப்ப ஆறு மாசமா ரெண்டு பேருக்கும் தெரியும்."

"ஐயோ, எனக்குச் சத்தியமா தெரியாதுடி" என்றேன்.

"கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை பிரேக்கர் விழுந்துச்சே? அது எதுக்கு விழுதுன்னு நீங்க யோசிக்கல? கடையில பொய் சொல்லித்தானே பெருசு வாங்கிட்டு வந்தீங்க? உங்களுக்கும் தெரியும்." குரல் உயரவே இல்லை. "நான் தினமும் அதுலதான் குளிச்சேன்."

பக்கத்து வீட்டில் போய்த் தலையைக் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லி, துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நானும் மச்சானும் வேலையை ஆரம்பித்தோம். உளியையும் சுத்தியலையும் எடுத்துப் பதினோரு டைல்ஸையும் நானே உடைத்தேன். வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். மெயின் போர்டிலிருந்து தடித்த கம்பி, அதற்குத் தகுந்த இருபது ஆம்பியர் பிரேக்கர், எர்த், கொஞ்சம் கரண்டு கசிந்தாலும் தானாக விழுந்துவிடும் கருவி, கசிவில்லாத புது ஹீட்டர். எல்லாம் முடியச் சாயங்காலம் ஐந்து மணி ஆகிவிட்டது. மச்சான் தலைமயிரில் எல்லாம் சுண்ணாம்பு. கரண்டு கசிவைக் காட்டும் மீட்டரைக் குழாயில் வைத்துப் பார்த்தார், ஹீட்டரில் வைத்துப் பார்த்தார், தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்த்தார். திருப்தி வராமல் முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார்.

"பாப்பா, வா. வந்து தொட்டுப் பாரு" என்று கூப்பிட்டார்.

அவள் குளியலறை வாசல் வரைக்கும் வந்து நின்றாள்.

"மீட்டர் என்ன சொல்லுது?"

"ஜீரோம்மா. சுத்தமா ஜீரோ."

"மீட்டர நம்பறேன் அண்ணா" என்றாள். உள்ளே வரவில்லை.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. மச்சான் இப்போது யாரோடு சண்டை போட்டாலும், பேச்சை முறித்துக்கொண்டாலும், அந்த வீட்டுப் பிளக் சரியில்லை என்றால் ஜன்னல் வழியாகவாவது கத்திச் சொல்லிவிட்டுத்தான் வருகிறார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்து, வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று, ஹீட்டர் ஓடும்போதே குழாயை இறுகப் பிடித்துக்கொள்கிறார். அவர் போன பிறகு நானும் பிடித்துப் பார்க்கிறேன். ஒரு தடவை இரண்டு பேரும் சேர்ந்தே பிடித்துக்கொண்டு நின்றோம். "பாப்பா, பாரு, ஒண்ணுமே இல்ல" என்று அவர் சொல்ல, "சரி அண்ணா" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. கோபமான பதில்கூட இல்லை. பிறகு அவள் தான் குளிக்க அடுப்பில் வைத்திருந்த வெந்நீரை இறக்கி, வாளியில் ஊற்றி, நாங்கள் இருவரும் வெளியே வருவதற்காகக் குளியலறை வாசலில் காத்துக்கொண்டு நின்றாள்.